புதையுண்ட யாழை மீட்ட அடிகளார்

பழைய எகிப்து என்றால் இளைஞர் உள்ளம் துள்ளும். மணற்கடலின் நடுவே வானளாவும் கூம்பகங்கள், மலையைக் குடைந்து அமைத்த அரசர் கல்லறைகள், பொன்முகம் பூண்டு உறங்கும் பாடஞ்செய்த உடல்கள், சுவர் நிறையச் சித்திர எழுத்துக்கள், இருண்ட சுரங்க வழியிலே விளக்கேந்திச் செல்லும் ஆராய்ச்சியாளர்கள் ஆகிய இவையெல்லாம் கதையிலும் திரைப்படத்திலும் வந்து நம் பிள்ளைகளைக் கவர்ந்த வண்ணம் இருக்கின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் வாலிபரும் இதற்கு விலக்கல்லர். ஆயின், அவர்களிடம் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போமானால் ஓர் உண்மை வெளிப்படும். கல்லறையினுள் கிடக்கும் பேழைக்கும், மண்ணின் அடுக்குக்கும், கல்லிற் பொறித்த எழுத்துக்கும் ஆங்கிலப் பெயரைத் தடையின்றிச் சொல்லுவார்கள். தமிழ்ப் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். தமிழிலே இவற்றுக்கெல்லாம் சொல் ஏது என்று நம்மையே திருப்பிக் கேட்பவரும் உளர்.

இக்கேள்விக்கு விடை சொல்ல அகராதி ஒன்று போதாது. ஒரு வாழ்க்கை வேண்டும். அவ்வாழ்க்கையை வாழ்ந்து காட்டியவர் நம் நாட்டிலே பிறந்து, நம் நகரிலே கற்று, நம் நகரிலேயே உயிர் நீத்தவர். அவர் மண்வெட்டி எடுத்து எந்தக் கல்லறையையும் தோண்டினாரல்லர். எனினும், ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழர் கண்ணிற் படாது மறைந்து கிடந்த ஒரு பொருளை, ஏட்டுச் சொற்களுக்குள்ளிருந்து அகழ்ந்து எடுத்தார். அவரே விபுலானந்த அடிகளார். அவர் தேடியெடுத்த பொருள் யாழ். நமது ஆண்டு மலரிலே அப்பெரியாரின் வரலாற்றை இவ்வகையில் நோக்குவது பொருத்தமென எண்ணுகின்றோம்.

காரைதீவு தந்த மயில்வாகனன்

கிழக்கு மாகாணத்திலே, கல்முனைக்குத் தெற்கே, கடலோரமாக அமைந்த ஊர் காரைதீவு. அங்கே சாமித்தம்பி, கண்ணம்மை என்னும் பெற்றோருக்கு 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பிறந்த குழந்தைக்கு மயில்வாகனன் எனப் பெயரிட்டனர். அக்குழந்தை ஐந்து வயதை எட்டும் காலத்திலேதான், 1897 ஆம் ஆண்டு சனவரி 15 ஆந் தேதி, மேனாட்டு யாத்திரையை முடித்துத் திரும்பிய விவேகானந்த சுவாமிகள் கொழும்பிலே வந்திறங்கினார். அவ்வருகையின் பயனாக 1902 இல் விவேகானந்த சபை தோன்றிக் கொட்டாஞ்சேனையிலே வேரூன்றியது. பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் வெள்ளவத்தையிலே நிலைபெற்றது. சுவாமிகள் ஏற்றிய விளக்கின் சுடர் காரைதீவுச் சிறுவனைச் சென்றடையக் கால் நூற்றாண்டு பிடித்தது; அடைந்தபின் அது அணையவேயில்லை.

மயில்வாகனன் கல்முனையிலே தொடக்கக் கல்வியும், மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலே உயர்கல்வியும் பெற்றார். பதினாறு வயதிலே கேம்பிரிட்சு சீனியர்ப் பரீட்சையில் தேறினார். 1911 இலே கொழும்புக்கு வந்து ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்தார். இங்கே பகலிலே ஆசிரியப் பயிற்சி. மற்றை நேரத்திலே தென்கோவைப் பண்டிதர் கந்தையபிள்ளை அவர்களிடம் தமிழ். பின்னர்க் கொழும்புப் பொறிநுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று 1916 இல் அத்துறையிலே தகுதிப் பத்திரம் பெற்றார். அதே 1916 இலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே என்பர்.

ஓராண்டிலே இரு பேறுகள்: ஒரு கையிலே பௌதிகமும் இரசாயனமும், மறு கையிலே சங்க நூல்கள். நம் வாலிபர் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். விஞ்ஞானம் படிப்பவனுக்குத் தமிழ் எதற்கு, தமிழ் படிப்பவனுக்குக் கணக்கு எதற்கு என்ற பேச்சு இன்றும் நம் வீடுகளிலே கேட்கின்றது. இவ்விரண்டும் ஒருவரிடத்திலே சேர்ந்திராவிட்டால் யாழ் மீண்டிராது என்பதை இவ்வரலாற்றின் பிற்பகுதி காட்டும்.

1917 தொடக்கம் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தையும் தாமே படித்துப் பெற்றார். 1920 இலே மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். பதவியும் மதிப்பும் இளவயதிலேயே வந்து சேர்ந்தன. ஆயினும் அவர் மனம் வேறோரிடத்தை நாடியது.

1922 ஆம் ஆண்டு

1922 ஆம் ஆண்டு புதைபொருள் ஆராய்ச்சி வரலாற்றிலே மறக்கவொண்ணாத ஆண்டு. எகிப்து நாட்டிலே, நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள அரசர் பள்ளத்தாக்கிலே, ஹவாட் காட்டர் என்னும் ஆங்கிலேயர் பல பருவங்கள் பயனின்றித் தோண்டிக் களைத்திருந்தார். அவ்வாண்டு நவம்பர் 4 ஆந் தேதி மணலுக்கடியிலே கல்லிற் செதுக்கிய படி ஒன்று வெளிப்பட்டது. படிகளைத் தொடர்ந்து சென்றபோது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மூடிக்கிடந்த துத்தங்காமன் என்னும் இளம் அரசனின் கல்லறை திறந்தது. உலகமே வியந்தது.

அதே 1922 இலே, உலகம் கவனியாத வேறொரு வாயில் திறந்தது. மானிப்பாய் அதிபர் மயில்வாகனனார் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே புகுந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் பத்திரிகைகளை நடத்தும் பணியில் ஈடுபட்டார். 1924 சித்திரைப் பூரணையிலே சிவானந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தர் ஆனார்.

துறவு பூண்டவர் உலகத்தை விட்டு ஓடவில்லை. உலகத்தை நோக்கித் திரும்பி வந்தார். ஈழத்திலே மிஷன் பாடசாலைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1929 இலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். ஏழைப் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் கற்கும் வழியைத் தேடுவதே அவர் முதற் கவலையாயிருந்தது. 1931 இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய் அழைக்கப்பட்டபோதும், மாலை வேளைகளிலே அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ளார்க்குக் கல்வி புகட்டினார். பேராசிரியர் பதவியும் சேரிப் பள்ளியும் அவருக்கு ஒன்றேயாயின.

சொல்லைத் தேடிய பணி

1930 களின் நடுவிலே சென்னை மாகாணத்திலே விஞ்ஞான பாடங்களைத் தமிழிற் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அதற்குச் சொற்கள் வேண்டும். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரநூல், விலங்குநூல் முதலிய துறைகளுக்கெல்லாம் சொல்லாக்கும் பெருமுயற்சி நடந்தது. 1936 இலே கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அடிகளாரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக ஏறக்குறையப் 10,000 சொற்கள் கொண்ட தொகுதி 1938 இலே வெளியாயிற்று. பிற்காலத்திலே ஈழத்திலும் தமிழகத்திலும் விஞ்ஞானம் தமிழிலே கற்பிக்கப்பட்டபோது இத்தகைய முன்னோடிகளின் உழைப்பே அடித்தளமாய் நின்றது.

சொல்லாக்கம் என்பது புதிது புதிதாகச் சொற்களைக் கற்பனை செய்து கொட்டுவதன்று. அதுவும் ஓர் அகழ்வுத் தொழிலே. மேற்பரப்பிலே வழங்குஞ் சொல் உண்டா என்று முதலிற் பார்க்க வேண்டும். இல்லையெனில் இலக்கியம் என்னும் அடியடுக்கிலே தேட வேண்டும். தொழிலாளர் வாயிலே, குயவர் சூளையிலே, தச்சர் பட்டடையிலே கேட்க வேண்டும். அங்கும் இல்லையெனில் மட்டுமே புதிது புனையவோ பிறமொழியிலிருந்து பெறவோ வேண்டும்.

இம்முறையை நம் எகிப்துக் கதைக்கே பொருத்திப் பார்ப்போம். தோண்டுதலுக்கு அகழ்தல் என்னும் சொல் நம்மிடம் பழமையானது. கோட்டையைச் சூழத் தோண்டியதை அகழி என்றோம். ஆதலால் அகழ்வு, அகழ்வாராய்ச்சி என்பன இயல்பாகவே பிறந்தன. கல்லிற் பொறித்ததைச் சாசனம் என்றும் கல்வெட்டு என்றும் முன்னரே வழங்கினோம். இறந்தவரை இட்டுப் புதைக்கும் பெருமட்பாண்டத்துக்குத் தாழி என்ற பெயர் சங்க நூல்களிலேயே உண்டு. இறந்த தலைவனுக்காகத் தாழி வனையும் குயவனை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டை நம் மாணவர் அறிவர். அத்தகைய தாழிகளை ஆதிச்சநல்லூரிலும், நம் நாட்டுப் பொன்பரிப்பிலும் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தியுள்ளனர். வீரனுக்கு நட்ட கல் நடுகல். பாய்மரம் கூம்பு, கூம்பியது போன்று உயரும் கட்டடம் கூம்பகம். கெடாது காப்பதைப் பாடஞ்செய்தல் என்று தோற்றொழிலாளர் சொல்லுவர். எனவே எகிப்தியர் காத்து வைத்த உடலைப் பாடஞ்செய்த உடல் என்று சொன்னால் ஊரிலுள்ள பாட்டியும் விளங்கிக்கொள்வார். பேழை என்ற சொல் இருக்கும்போது ஈமப்பேழை என்பதற்குத் தடையேது?

பார்த்தீர்களா? சொல் இல்லை என்று நாம் நினைத்த இடத்திலே சொற்கள் புதைந்து கிடக்கின்றன. தோண்டுவாரின்மையே குறை.

மறைந்துபோன இசைக்கருவி

இனி அடிகளாரின் பேரகழ்வுக்கு வருவோம். பாணர் கையிலும் பாடினி கையிலும் தவழ்ந்த யாழ், தமிழ் நூல்களிலே எங்கும் ஒலிக்கின்றது. பத்துப்பாட்டிலே யாழின் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் உவமையோடு சொல்லப்படுகின்றன. மான் குளம்பு பதிந்த சுவடுபோல இருபாலும் தாழ்ந்து நடுவுயர்ந்த பத்தர், விளக்குச் சுடரின் நிறமுடைய தோற்போர்வை, நண்டின் கண்களை ஒத்த ஆணிகள், படமெடுத்த பாம்புபோல் நிமிர்ந்த தண்டு எனப் பொருநராற்றுப்படை அதனைக் கண்முன் நிறுத்துகின்றது. பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு நரம்பு 7 எனச் சிலப்பதிகார உரை எண்ணிக்கை கூறுகின்றது. நம் வடபுலத்தின் பெயரிலேயே யாழ் இருக்கின்றது. ஆயினும் கருவியை மட்டும் காணோம். அது வழக்கொழிந்து, அதன் இடத்தை வீணை பற்றிக்கொண்டது. யாழும் வீணையும் ஒன்றே என்று எண்ணி மயங்கியவரும் பலராயினர்.

எகிப்து நாட்டுக்கு இங்கே ஒருகால் திரும்புவோம். அங்கும் வில்லைப்போல் வளைந்த நரம்புக் கருவி உண்டு. கூம்பகங்கள் எழுந்த காலத்துக் கல்லறைச் சுவர்களிலேயே அதன் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. மூன்றாம் இராமேசசு மன்னனின் கல்லறையிலே யாழ் மீட்டுவோர் இருவரின் ஓவியம் உண்டு. வறண்ட மணல் மரத்தையும் காத்தமையால் உண்மையான கருவிகளே பல கிடைத்து, இன்று அரும்பொருட் காட்சிச் சாலைகளில் இருக்கின்றன. துத்தங்காமன் கல்லறையிலே கிடைத்த வெள்ளி ஊதுகொம்பையும் வெண்கல ஊதுகொம்பையும் 1939 இலே ஊதி வானொலியில் ஒலிபரப்பினார்கள். மூவாயிரம் ஆண்டு மௌனம் அன்று கலைந்தது.

மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்திலே நிலை வேறு. 1922 தொடக்கம் 1934 வரை அங்கு அகழ்ந்த லெனாட் வூலி என்பார், அரசகுலத்தார் கல்லறைகளிலே நரம்புக் கருவிகள் இருந்த அடையாளத்தைக் கண்டார். ஆனால் மரம் உக்கி மண்ணாகிவிட்டது. மரம் இருந்த இடம் வெற்றுத் துளையாக மண்ணிலே நின்றது. அத்துளையினுள்ளே சுண்ணச் சாந்தைக் கரைத்து ஊற்றி, அது இறுகியபின் மண்ணை அகற்றினார். மறைந்த கருவியின் வடிவம் வெளிப்பட்டது.

தமிழ் நாட்டு மழையும் ஈரமும் எந்த யாழையும் விட்டுவைக்கவில்லை. மணலும் இல்லை, மண்ணிலே துளையும் இல்லை. இருந்தவை சொற்களே. பத்தர், கோடு, ஆணி, திவவு, மாடகம், நரம்பு என்னும் சொற்கள், பொருள் உக்கிப்போனபின் அது கிடந்த இடத்தைக் காட்டும் துளைகள்போல நின்றன. அடிகளார் அத்துளைகளிலே தம் கணித அறிவை ஊற்றினார்.

திறவுகோல்

எப்படி ஊற்றினார் என்பதைச் சிறிது விளக்குவோம். ஒரு நரம்பின் ஒலி அதன் நீளத்தைப் பொறுத்தது. முழு நரம்பின் ஒலியைக் குரல் எனக் கொண்டால், நீளத்திலே மூன்றில் இரண்டு பங்கு இளியைத் தரும். நாலில் மூன்று பங்கு உழையைத் தரும். சரிபாதி மேற்குரலைத் தரும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் இவ்வாறு எண்களின் உறவினாலே கட்டப்பட்டவை. பழந்தமிழர் அவ்வுறவுகளுக்கு இணை, கிளை, பகை, நட்பு எனக் குடும்பத்துப் பெயர்களையே இட்டனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரையும் இவற்றைச் சூத்திரம்போல் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகின்றன. பண்டிதர்க்கு அங்கே இலக்கணம் தெரிந்தது, கணக்குத் தெரியவில்லை. விஞ்ஞானிகட்குக் கணக்குத் தெரிந்தது. அந்த நூலைப் படிக்கத் தெரியவில்லை. இரண்டும் அறிந்தவர் கொழும்பிலே 1916 இல் இரு பரீட்சைகளிலும் தேறிய காரைதீவார்.

எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்த கதை இதற்கு நல்ல ஒப்புமை. 1799 இலே றொசெற்றாவிலே கிடைத்த கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்துக்களிலே பொறிக்கப்பட்டிருந்தது. 1822 இலே பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் அதன் உதவியாற் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். அவருக்குப் பெருந்துணையாய் நின்றது கொப்திய மொழி. பழைய எகிப்திய மொழியின் கடைசிக் கொழுந்தாகிய அம்மொழி, எகிப்துக் கிறித்தவரின் கோயில் வழிபாட்டிலே உயிரோடு இருந்தது. நாடு மறந்ததைக் கோயில் மறக்கவில்லை.

தமிழிசைக்கும் அவ்வாறே நேர்ந்தது. அரசவைகள் அழிந்தன, பாணர் குலம் சிதைந்தது, யாழ் மறைந்தது. ஆனால் ஓதுவார் மூர்த்திகள் பண் மாறாது தேவாரத்தை ஓதி வந்தனர். திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாற்றை நாம் பெரியபுராணத்திலே படிக்கின்றோம். அப்பண்கள் கோயிலிலே வாழ்ந்திராவிடில் அடிகளாரின் கணக்குகள் ஏட்டளவிலேயே நின்றிருக்கும். வெள்ளிக்கிழமைகளிலே நம் கோயிலில் ஒருவர் கண்ணை மூடிப் பாடும் பதிகத்தைப் பொழுதுபோக்காகக் கேட்டுவிட்டு எழுந்து செல்லும் நாம், நம் முன்னே ஒலிப்பது ஒரு பேரறிவின் திறவுகோல் என்பதை உணர்ந்தோமா?

பதினான்கு ஆண்டு உழைப்பு

துத்தங்காமன் கல்லறையைக் கண்டது ஒரு நாளிலே. அதிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாய் எண்ணிட்டுப் படம்பிடித்து வெளியேற்றக் காட்டருக்குப் பத்தாண்டு சென்றது. ஆராய்ச்சியின் வீரம் கண்டுபிடிக்கும் கணத்திலன்று, அதன் பின் வரும் பொறுமையிலே இருக்கின்றது. அடிகளாருக்கு ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. இடையே பிற கடமைகள் வந்தன. இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943 இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்புக்கு வந்தார். பல்கலைக்கழகம் அப்போது இந்நகரிலேதான் இருந்தது. உடல்நலம் குன்றியது. ஆயினும் யாழ் பற்றிய ஆராய்ச்சி நிற்கவில்லை. எங்கே பழஞ்சிற்பம் உண்டோ, எங்கே இசைச் சாசனம் உண்டோ அங்கெல்லாம் அவர் கருத்துச் சென்றது. அமராவதி முதலிய இடத்துச் சிற்பங்களிலே வில்வடிவான யாழ் இருப்பதையும் நூல் கூறும் உறுப்புக்களையும் ஒப்பிட்டார்.

அதன் பயனே யாழ்நூல். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அது அமைந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே, திருஞானசம்பந்தர் வெள்ளம் பெருகிய ஆற்றைப் பதிகம் பாடி ஓடத்திலே கடந்த தலமாகிய திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகளாரின் ஆராய்ச்சியின்படி செய்த யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. பல நூறாண்டுகளுக்குப் பின் தமிழ் மண்ணிலே யாழ் எழுந்து நின்றது.

அதனைக் கண்ட கண்கள் நெடுநாள் திறந்திருக்கவில்லை. ஒன்றரை மாதத்திற்குள், 1947 யூலை 19 ஆந் தேதி, கொழும்பிலே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 55. அவர் திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி கொண்டது. இறைவன் விரும்பும் மலர் உள்ளத்து மலரே என்று அவர் பாடிய பாட்டு அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

பெரியோரைப் போற்றும்போது உண்மையை மறைத்தல் கூடாது. யாழ்நூலின் முடிபுகள் அனைத்தையும் எல்லா அறிஞரும் ஏற்றாரல்லர். அடிகளாருக்கு முன்னரே, 1917 இலே, ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு வழி வகுத்தார். குரல் என்பது இக்காலத்து எந்தச் சுரம் என்பது முதலிய பல இடங்களிலே ஆராய்ச்சியாளர் மாறுபடுவர். அது ஆராய்ச்சிக்கு இழிவன்று, அழகேயாம். அகழ்ந்தெடுத்த பானை ஓட்டை அடுத்து வருவோர் மீண்டும் பொருத்திப் பார்ப்பது முறைதானே.

வேறொன்றும் உண்டு. எகிப்திலும் வில்யாழ், தமிழகத்திலும் வில்யாழ் என்று கண்டவுடனே, அது நம்மிடமிருந்தே அங்கு சென்றது என்று மார்தட்டிச் சொல்லும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. வடிவம் ஒத்திருப்பது ஒன்றே அதற்குச் சான்றாகாது. சான்று உள்ள இடத்திலே பேசினால் மதிப்பு உண்டு. செங்கடற் கரையிலுள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழைய எகிப்தியத் துறைமுகத்திலே 1978 முதல் 1982 வரை நடந்த அகழ்வில், கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. உரோமானியர் எகிப்தை ஆண்ட காலத்திலே தமிழ் வணிகர் அங்கு சென்றிருந்தனர் என்பதற்கு அவ்வோடுகள் சாட்சி. அடிகளார் காலத்திலே இவை வெளிப்படவில்லை. இருந்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். அளவுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார் என்றே அவர் நூலைப் படித்தவர் கருதுவர். விஞ்ஞானம் அவருக்குக் கற்றுக்கொடுத்த அடக்கம் அது.

மீட்ட யாழை நாம் வைத்துக் காத்தோமா? யாழ்நூல் மீண்டும் அச்சேற 1974 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளிலே தமிழகத்து இளைஞர் சிலர் மரத்தைக் குடைந்து யாழ் செய்து மீட்டத் தொடங்கியுள்ளனர். யாழைப் பெயரிலேயே தாங்கிய ஊரையுடைய நம்மவருள் யாழைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்? துத்தங்காமனின் பொன்முகத்தை அறிந்த நம் சிறுவர், அடிகளார் மறைந்தது தம் நகரிலேதான் என்பதை அறிவார்களா?

எகிப்தை விரும்பாதே என்று வாலிபரிடம் நாம் சொல்லவில்லை. விரும்புங்கள்; ஆழ்ந்து படியுங்கள். படிக்கும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். புதிய ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம் அதற்கு நேரான தமிழ்ச் சொல் வழக்கிலே உண்டா, இலக்கியத்திலே உண்டா, தொழிலாளர் வாயிலே உண்டா என்று தேடி எழுதுங்கள். வீட்டிலுள்ள பெரியோரைக் கேளுங்கள். ஒரு சொல் கிடைத்தால் அதனோடு ஒரு பொருளும், அப்பொருளைச் செய்த ஒரு கையும், அக்கை வாழ்ந்த ஒரு காலமும் கூடவே எழுந்து வரும். சொல் அழிந்தால் அவையனைத்தும் மண்ணாகும். யாழின் உறுப்புப் பெயர்களை ஏடெழுதியோர் ஒருவரும் படியெடுத்திராவிட்டால் அடிகளாருக்கு ஊற்றுவதற்குத் துளையும் இருந்திராது.

காரைதீவிலே பிறந்து, கொழும்பிலே கற்று, மயிலையிலே துறந்து, இமயத்திலே எழுதி, மீண்டும் கொழும்பிலே கண் மூடிய அடிகளார், சமயமும் விஞ்ஞானமும் தமிழும் ஒரே நெஞ்சிலே பகையின்றி வாழலாம் என்பதைக் காட்டிச் சென்றார். அவர் நினைவு நாள் ஆண்டுதோறும் யூலையிலே வருகின்றது. மாலை சூட்டிக் கலைந்து செல்வதோடு நில்லாது, அவ்வேளையில் ஓர் இளைஞனாவது யாழ்நூலின் ஓர் ஏட்டைப் புரட்டுவானாயின், ஒரு சொல்லையாவது மீட்டு வருவானாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும். அதற்கான ஊக்கத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் வாலிபர்க்கு அருள்வானாக.